வந்து போன பேண்டுகளும் தங்கிப் போன வாத்தியங்களும்

'சர்வர் சுந்தரம்' (1964) படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாக நினைவிருக்கும். ஒரு பாட்டுப் பதிவுக் கூடம். மைக் முன்னால் நின்று டி.எம்.சௌந்தரராஜன் பாடுகிறார். எதிரே எம்.எஸ்.விஸ்வநாதன் கையை வீசி இசைக்குழுவை நடத்துகிறார். இன்னொரு பக்கம் நாகேஷின் ஆட்டம். பாட்டு தமிழ்ப் பாட்டுதான். ஆனால் அதன் தாளத்தில் லத்தீன் அமெரிக்க நடன மேடையின் சாயல் அடிக்கிறது.

பாட்டை ரசித்துவிட்டுப் போவது சுலபம். கொஞ்சம் நின்று யோசித்தால் ஒரு கேள்வி வரும். 1964-இல் மெட்ராஸில் இப்படி வாசிக்க ஆட்கள் எங்கிருந்து கிடைத்தார்கள்? அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இதற்கு விடை தேடினால் கதை கோட்டையில் ஆரம்பித்து, பம்பாயின் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போய், கோவாவின் சர்ச்சுகளைத் தொட்டு, கோயமுத்தூர் வழியாக வடபழனி வந்து நிற்கிறது. வெளிநாட்டு இசைக்குழுக்கள் இங்கே வந்து வாசித்த கதை அது. வந்தவர்களில் யார் நமக்கு எதை விட்டுப் போனார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

கோட்டை பேண்டு

தமிழ்நாட்டுக்கு வந்த முதல் வெளிநாட்டு இசைக்குழுக்களில் முக்கியமானவை கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ பேண்டுகள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அணிவகுப்புக்கும் விருந்துக்கும் வாசிப்பது அவர்கள் வேலை. ஊர் மக்களுக்காக அவர்கள் வாசிக்கவில்லை. ஆனால் ஊர் மக்கள் காதை மூடிக்கொண்டா இருப்பார்கள்?

அப்போது மெட்ராஸை அடுத்த மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தரின் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் தங்கியிருந்தது. முதலியாரின் மகன் கம்பெனியோடு தொழில் தொடர்பு உள்ளவர். அவர் மூலமாகத் தீட்சிதரின் பிள்ளைகளுக்குக் கோட்டை இசையைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் (1775 - 1835) அந்த மெட்டுகளைப் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதான் இன்றும் பாட்டு கிளாஸில் சின்னப் பிள்ளைகள் பாடும் 'நோட்டு ஸ்வரங்கள்'. இங்கிலாந்து ராஜாவுக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டு கூட அதில் ஒன்றாக இருக்கிறது!

தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786 - 1858) இன்னொரு காரியம் செய்தார். ஒரு ஐரோப்பியக் கலைஞரிடம் மூன்று வருடம் முறையாக வயலின் கற்றுக்கொண்டார். பிறகு அதே வயலினில் கர்நாடக இசையை வாசித்தார். அதே காலத்தில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினில் பெயர் பெற்றார். 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைக் கற்பனை செய்து பார்க்க முடியுமா? கோட்டை பேண்டு போய்விட்டது. வயலின் தங்கிவிட்டது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்டதோடு நின்றிருந்தால் மெட்டு மட்டும் கிடைத்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வருடம் கற்றதால்தான் வாத்தியமே கிடைத்தது.

தாஜ் ஓட்டலில் ஜாஸ்

அடுத்த கட்டம் பம்பாய். 1903-இல் திறந்த தாஜ்மகால் ஓட்டலில் வெள்ளைக்காரர்களும் மகாராஜாக்களும் பார்சி முதலாளிகளும் இரவு விருந்துக்குக் கூடுவார்கள். விருந்து என்றால் நடனம் உண்டு. நடனம் என்றால் பேண்டு வேண்டும். ரெக்கார்டு போட்டு ஆடுவது பெரிய ஓட்டல்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

1935-இல் லியோன் ஆப்பி என்ற அமெரிக்க வயலின் கலைஞர் தன் குழுவோடு தாஜில் வாசிக்க வந்தார். குழுவில் எல்லோரும் கறுப்பின அமெரிக்கர்கள். சொந்த நாட்டில் இவர்கள் வாசிக்கும் ஓட்டலில் இவர்களே முன்வாசல் வழியாக நுழைய முடியாத காலம் அது. அதனால் முதல் உலகப் போருக்குப் பிறகு பலர் பாரிஸுக்குப் போனார்கள். 1930-களில் பொருளாதார மந்தம் வந்தது. பிரான்ஸில் வெளிநாட்டு வாத்தியக்காரர்களுக்குக் கட்டுப்பாடுகளும் வந்தன. இன்னும் கிழக்கே பார்த்தார்கள்.. ஷாங்காய், பம்பாய், கல்கத்தா.

ஆப்பிக்குப் பிறகு கிரிக்கெட் ஸ்மித் என்ற டிரம்பெட் கலைஞர் தாஜில் குழுவை நடத்தினார். (பெயரில்தான் கிரிக்கெட். ஆட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை!) பியானோ கலைஞர் டெடி வெதர்போர்டும் வந்து சேர்ந்தார். வெதர்போர்ட் சாதாரண ஆள் இல்லை. 1920-களில் சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து வாசித்தவர். 1926-இல் ஆசியாவுக்குக் கப்பல் ஏறியவர் பெரும்பாலும் இந்தப் பக்கமே இருந்துவிட்டார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கல்கத்தா கிராண்ட் ஓட்டலில் அவர் குழு வாசித்தது. 1945 ஏப்ரலில் அதே கல்கத்தாவில் காலரா கண்டு இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 41தான். ஊரிலேயே இருந்திருந்தால் ஜாஸ் வரலாற்றுப் புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு.

இந்தக் குழுக்கள் ஒரு ராத்திரி வாசித்துவிட்டு மூட்டை கட்டவில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கின. ஆள் குறைந்தபோது உள்ளூரில் ஆள் எடுத்தார்கள். அப்படி எடுக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் கோவாக்காரர்கள்.

கோவாக்காரர்கள்

கோவா அப்போது இந்தியாவே இல்லை. 1510 முதல் 1961 வரை போர்த்துக்கல் ஆட்சி. ஆகவே பம்பாயில் பிழைக்க வந்த கோவா இளைஞன் சட்டப்படி ஒரு வெளிநாட்டுக்காரன். ஆனால் அவன் கையில் ஒரு தொழில் இருந்தது. கோவாவின் பங்குப் பள்ளிகளில் சர்ச் பாடகர் குழுவுக்காகப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசையை எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வயலின் பிடிக்கும் முன்பே ஐந்து கோட்டில் எழுதிய ஸ்வரத்தைப் பார்த்துப் பாடத் தெரிந்திருக்க வேண்டும்.

நோட்டைப் படிக்கத் தெரியும், ஆனால் ஜாஸ் தெரியாது. ஜாஸில் பாதி விஷயம் தாளில் இருக்காதே! அதைத்தான் ஸ்மித், வெதர்போர்ட் போன்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தபோது இவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிராங்க் பெர்னாண்ட், சிக் சாக்லேட் என்று ஒரு வரிசை உருவாயிற்று. சிக் சாக்லேட்டின் நிஜப் பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். கோவாவின் ஆல்டோனா ஊர்க்காரர். 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்ற பட்டப்பெயரோடு வாழ்ந்து 1967-இல் மறைந்தார். மிக்கி கொரியா தாஜில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் குழு நடத்தினார். அமெரிக்கர்கள் போன பிறகும் மேடை காலியாகவில்லை.

பாட்டில் மூடியது, ஸ்டுடியோ திறந்தது

1947-க்குப் பிறகு நிலைமை மாறியது. வெள்ளைக்காரர்கள் கிளம்பினார்கள். சமஸ்தானங்கள் போயின. இரவு விருந்துக்குச் செலவழித்தவர்கள் குறைந்தார்கள். அதோடு மதுவிலக்கும் வந்தது.

மெட்ராஸ் மாகாணத்தில் ராஜாஜி 1937-இலேயே சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்திருந்தார். 1948-இல் அது மாகாணம் முழுவதுக்கும் வந்தது. 1971-இல் தி.மு.க. ஆட்சி தளர்த்தும் வரை நீடித்தது. பம்பாயில் 1949-இல் மதுவிலக்குச் சட்டம் வந்தது. ஏழைக் குடும்பங்களைக் காப்பாற்றப் போட்ட சட்டம். சாராயத்தில் குடும்பம் அழிந்ததைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஓட்டல் இசைக்குழுவின் சம்பளம் பெரும்பாலும் மது விற்ற காசிலிருந்துதான் வந்தது. பாட்டில் மூடினால் பேண்டும் மூட வேண்டியதுதான்.

வேலை போன வாத்தியக்காரர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது சினிமா. இந்தி இசையமைப்பாளர்களுக்குப் பெரிய இசைக்குழு தேவைப்பட்டது. ஹார்மோனியத்தை வைத்து மெட்டுப் போடுவார்கள். அதை 40, 50 வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். எழுதியதை உடனே பார்த்து வாசிக்க ஆள் வேண்டும். இரண்டுக்கும் கோவாக்காரர்கள் இருந்தார்கள். லாகூர் ஓட்டலில் குழு நடத்திய செபாஸ்டியன் டிசௌசா பிரிவினைக்குப் பிறகு பம்பாய் வந்து சங்கர்-ஜெய்கிஷனுக்கு வாத்தியப் பகுதிகளை எழுதினார். சிக் சாக்லேட் சி.ராம்சந்திராவோடு சேர்ந்தார். 'அல்பேலா' (1951) பாட்டுகளில் கேட்கும் டிரம்பெட் சத்தம் ஓட்டல் மேடையிலிருந்து நேராக வந்தது.

படத்தின் டைட்டிலில் இசையமைப்பாளர் பெயர் மட்டும் வரும். எழுதியவர், வாசித்தவர் பெயர் அநேகமாக வராது. அன்றைய கூலி கைக்கு வரும், அவ்வளவுதான். அந்தோணி கொன்சால்வ்ஸ் என்ற வயலின் ஆசிரியரின் பெயர் 'அமர் அக்பர் அந்தோணி' (1977) பாட்டால் நாடு முழுக்கத் தெரியும். அது ஒரு நிஜ மனிதரின் பெயர், லட்சுமிகாந்த்-பியாரேலாலில் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தவர் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கொங்கு நாட்டுக்கு வந்த வழி

திருப்பூர், கோவை பக்கம் இருப்பவர்கள் "இதெல்லாம் பம்பாய் கதை" என்று நினைக்க வேண்டாம். கோவையில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ இருந்தது. அவர்கள் எடுத்த 'மலைக்கள்ளன்' (1954) எம்.ஜி.ஆருக்குப் பெரிய வெற்றி. அதையே இந்தியில் திலீப்குமார், மீனாகுமாரியை வைத்து 'ஆசாத்' (1955) என்று எடுத்தார்கள். அதற்கு இசை அதே சி.ராம்சந்திரா. தாஜ் ஓட்டலில் வாசித்தவர்களின் கைவண்ணத்தோடு வளர்ந்த ஓர் இசையமைப்பாளர், ஒரு கோவைத் தயாரிப்பாளரின் படத்துக்கு இசை போட்டிருக்கிறார்!

இன்னொரு வழி ரயில். போத்தனூர் பெரிய ரயில்வே ஊர். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த இடம். போத்தனூர், பெரம்பூர், அரக்கோணம், பொன்மலை மாதிரி ஊர்களில் ரயில்வே ஊழியர்களின் சமூக வாழ்க்கை 'இன்ஸ்டிடியூட்' என்ற மன்றத்தைச் சுற்றி நடந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்றால் நடனம், நடனம் என்றால் நேரடி பேண்டு. எஞ்சின் ஓட்டுபவரின் மகன் டிரம்ஸ் வாசிப்பான், டிக்கெட் பரிசோதகர் கிடார் வாசிப்பார். சுதந்திரத்துக்குப் பிறகு இவர்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். தங்கியவர்களில் சிலர் மெட்ராஸ் ஸ்டுடியோக்களுக்குள் நுழைந்தார்கள்.

மெட்ராஸில் களம் தயாராகவே இருந்தது. எஸ்.எஸ்.வாசனின் 'சந்திரலேகா' (1948) முரசு நடனமும் சர்க்கஸ் காட்சிகளும் பெரிய இசைக்குழுவைக் கேட்டன. 1893-இலிருந்து இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன், சர்ச் பாடகர் குழுக்கள், வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்த ஹேண்டல் மானுவேல் என்று கற்பிக்கும் இடங்களும் இருந்தன. விஸ்வநாதன்-ராமமூர்த்தி குழுவில் டிரம்ஸுக்கு நோயல் கிராண்ட், கிடாருக்கு பிலிப்ஸ், அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி என்று ஆட்கள் சேர்ந்தார்கள். முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். 'சர்வர் சுந்தரம்' பாட்டுக்குப் பின்னால் ஓட்டல், சர்ச், ரயில்வே இன்ஸ்டிடியூட் மூன்றும் இருக்கின்றன.

அந்தச் சங்கிலி அதோடு அறுபடவில்லை. மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தங்கியிருந்த தன்ராஜ் மாஸ்டர், பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு மேற்கத்திய இசையை எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். அந்த இளைஞர் 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்தார். மெட்டுப் போடுபவர் ஒருவர், எழுதிக் கொடுப்பவர் இன்னொருவர் என்ற பழைய ஏற்பாட்டையே மாற்றி இளையராஜா தானே உட்கார்ந்து எல்லா வாத்தியங்களுக்கும் எழுதினார்.

அமெரிக்க அரசாங்கம் அனுப்பிய ஜாஸ்

இதே காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜாஸ் குழுக்களும் மெட்ராஸுக்கு வந்தன. அனுப்பியது அமெரிக்க வெளியுறவுத் துறை. பனிப்போர் சமயம். அமெரிக்காவில் கறுப்பின மக்களை நடத்தும் விதத்தை ரஷ்யா உலகமெங்கும் பிரசாரம் செய்தது. பதிலுக்கு அமெரிக்கா ஜாஸ் கலைஞர்களைத் தூதர்களாக அனுப்பியது.

1958-இல் டேவ் புரூபெக் குழு வந்தது. ராஜ்கோட், பம்பாய், டெல்லி, ஹைதராபாத், கல்கத்தா, மெட்ராஸ், பிறகு இலங்கை. பம்பாயில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாபர் கானோடு புரூபெக் சேர்ந்து வாசித்தார். குழுவில் பாஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர். "பாருங்கள், எங்கள் நாட்டில் எல்லோரும் சமம்" என்று காட்ட அவர் வசதியாக இருந்தார். ஆனால் 1960-இல் அதே ரைட் குழுவில் இருக்கிறார் என்பதற்காகவே அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகள் பல இவர்கள் கச்சேரியை வேண்டாம் என்றன.

1963-இல் டியூக் எலிங்டன் குழு வந்தது. டெல்லியில் எலிங்டனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, பில்லி ஸ்ட்ரேஹார்ன் பியானோவைப் பார்த்துக்கொண்டார். மெட்ராஸிலும் வாசித்தார்கள், கொழும்புக்கும் போனார்கள். நவம்பர் 22 அன்று அவர்கள் துருக்கியின் அங்காராவில் இருந்தபோது ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். சுற்றுப்பயணம் அப்படியே நின்றது.

இந்தக் கச்சேரிகள் நமக்கு என்ன விட்டுப் போயின? உண்மையைச் சொன்னால், நம்மைவிட அவர்களுக்கே அதிகம் கிடைத்தது. புரூபெக் அந்தப் பயண அனுபவத்தில் 'கல்கத்தா ப்ளூஸ்' போட்டார். துருக்கித் தெருவில் கேட்ட தாளத்தை வைத்துப் போட்ட உருப்படி 1959-இல் அவருடைய மிகப் பிரபலமான ஆல்பத்தில் வந்தது. எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற ஆல்பத்தை 1966-இல் பதிவு செய்தார்கள். அதில் ஓர் உருப்படிக்குக் காரணம் டெல்லியில் கேட்ட ஒரு மைனாவின் குரல்! மேதைகள் ஒரு வாரம் வந்தாலும் எதையாவது அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டியவருக்கு அந்த ராத்திரியின் நினைவுதான் மிச்சம்.

இசைக்கு வெளியேயும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1952-இல் 'மாரல் ரீ-ஆர்மமெண்ட்' என்ற உலக அமைப்பின் நாடகக் குழு, சுமார் 200 பேர், மெட்ராஸுக்கு வந்தது. ஜெமினி ஸ்டுடியோ அவர்களை வரவேற்றது. அப்போது அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் இதைக் கிண்டலாக எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் சில வருடங்களுக்குத் தமிழ் நாடகங்களில் எல்லாம் வெறும் மேடை, வெள்ளைத் திரை, புல்லாங்குழல் சத்தத்தோடு ஒரு சூரிய உதயம் வந்ததாம். வந்து போன குழுவிடமிருந்து ஒரு காட்சியைக் காப்பி அடிக்கலாம், தொழிலைக் கற்க முடியாது.

யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்?

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகிறது. எலிங்டன் வெதர்போர்டைவிட எத்தனையோ மடங்கு புகழ் பெற்றவர். ஆனால் நம் சினிமாப் பாட்டுக்குள் அதிகம் கலந்தது வெதர்போர்ட் மாதிரி ஆட்களின் வழிவந்த இசைதான். காரணம், அவர்கள் தங்கினார்கள். ஆள் எடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் உள்ளூர்க்காரன் ஒருவன் சம்பளத்துக்கு உட்கார்ந்தான். கோட்டை பேண்டு காலத்தில் பாலுசுவாமி தீட்சிதர் உட்கார்ந்த அதே நாற்காலி.

1990-களில் கீபோர்டு வந்து அந்த நாற்காலிகளைக் குறைத்தது. 20 வயலின் செய்த வேலையை ஒரு பெட்டி செய்தது. மறுபக்கம், உலகப் புகழ் குழுக்கள் மறுபடி வர ஆரம்பித்தன. 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-இல் அயர்ன் மெய்டன் பெங்களூரில் வாசித்தார்கள். கொங்கு நாட்டுக் கல்லூரிப் பையன்களுக்கு அது ஒரு ராத்திரி ரயில் தூரம்தான். பெரிய மேடை, பெரிய கூட்டம், காது அடைக்கும் சத்தம். மறுநாள் காலையில் எல்லாம் கண்டெய்னரில் ஏறிப் போய்விடும். மிஞ்சுவது டிக்கெட்டின் பாதியும் பேண்டு பெயர் போட்ட ஒரு கறுப்பு பனியனும். அந்த பனியனைத் தைத்தது திருப்பூராகவே இருக்கலாம்!

பெரிய பேண்டுகள் வருவது சந்தோஷம்தான். ஆனால் 1935-இல் தாஜில் நடந்தது நடக்க வேண்டுமென்றால் வருபவர்கள் தங்க வேண்டும். இன்றைய திருப்பூரில் அப்படி வந்து தங்கியிருப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், வங்காளம் என்று பல ஊர்களிலிருந்து பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். கோவாவிலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்த பையன் டிரம்பெட்டோடு வந்தான். இவர்களில் யார் எந்த டோலக்கோடு, எந்தப் புல்லாங்குழலோடு வந்திருக்கிறார்கள் என்று ஊர்த் திருவிழா மேடைக்காரர்கள் யாராவது கேட்டிருக்கிறார்களா?

கேட்டால், பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டால், இன்னும் 30 வருடம் கழித்து ஒரு தமிழ்ப் பாட்டில் அதன் சத்தம் கேட்கலாம்.